தெலங்கானா உழவர் புரட்சி: நிஜாமின் முடியாட்சிக்கு எதிராக மக்கள் எழுந்ததன் காரணங்கள்

முன்னுரை

மன்னராட்சிக்கு எதிரான மக்கள் புரட்சி என்றவுடன் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது 1789-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சியும் 1917-ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சியும்தான். பாடநூலில் அவை இருக்கின்றன, தேர்விலும் கேட்கப்படுகின்றன. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து ஒரே இரவு ரயில் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய மண்ணில், உலகின் பெரும் பணக்காரர் என்று பெயர்பெற்ற ஓர் அரசருக்கு எதிராக, எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களும் சலவைத் தொழிலாளிகளும் ஆடு மேய்ப்பவர்களும் ஆயுதம் ஏந்திய வரலாறு ஒன்று உண்டு. அதுவே 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா உழவர் புரட்சி.

குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் பல ஆண்டுகள் வரலாறு நடத்தினேன். "புரட்சிக்கான காரணங்களை எழுதுக" என்ற வினாவுக்கு அரசியல், பொருளாதாரம், சமூகம், உடனடிக் காரணம் என நான்கு தலைப்புகளில் விடை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இந்தக் கஷ்டமெல்லாம் நூறு வருஷமா இருந்துச்சுன்னு சொல்றீங்க. அப்ப ஏன் நூறு வருஷம் சும்மா இருந்தாங்க?" என்று கேட்டான். வரலாற்றில் கேட்கத்தக்க கேள்வி அதுதான். இக்கட்டுரை அந்தக் கேள்வியை மனத்தில் வைத்தே தெலங்கானாப் புரட்சியின் காரணங்களை ஆராய்கிறது.

ஹைதராபாத் நாடு

1724-இல் நிஜாம் உல் முல்க் என்னும் முதலாம் ஆசப் ஜா நிறுவிய அரசே ஹைதராபாத் சமஸ்தானம். ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சமஸ்தானங்களில் மக்கள்தொகையிலும் வருவாயிலும் முதன்மையானது இது. பரப்பளவு சுமார் 82,000 சதுர மைல். 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம். சொந்த நாணயம், சொந்த அஞ்சல் தலை, சொந்த ரயில்வே எல்லாம் அதற்கு இருந்தன.

இந்நாட்டில் மொத்தம் 16 மாவட்டங்கள். தெலுங்கு பேசும் தெலங்கானாவில் 8, மராத்தி பேசும் மராத்வாடாவில் 5, கன்னடம் பேசும் பகுதியில் 3. மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தெலுங்கர்.

1911-இல் அரியணை ஏறிய மீர் உஸ்மான் அலி கான் கடைசி நிஜாம். 1937-இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் அவரை உலகின் பெரும் பணக்காரர் என்று அட்டையில் படம் போட்டு வெளியிட்டது. உஸ்மானியா பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, உயர்நீதிமன்றக் கட்டடம், நிஜாம்சாகர் அணை ஆகியவை அவர் காலத்தவை. அவர் ஒன்றுமே செய்யாத அரசர் அல்லர். ஆனால் தலைநகரில் எழுந்த கட்டடங்களின் நிழல் நல்கொண்டா மாவட்டக் கிராமங்கள் வரை நீளவில்லை.

நிலம் யாரிடம் இருந்தது?

புரட்சியின் முதற்காரணத்தை நிலவுடைமையில்தான் தேட வேண்டும். நாட்டின் நிலம் மூன்று வகையாகப் பிரிந்திருந்தது.

திவானி நிலம்: அரசு நேரடியாக வரி வாங்கிய நிலம். மொத்தத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு.

ஜாகீர் நிலம்: அரசருக்குச் சேவை செய்த பிரபுக்களுக்கு வழங்கப்பட்டது. ஏறத்தாழ 30 விழுக்காடு. இங்கே வரி வாங்கும் உரிமை ஜாகீர்தாருக்கே. பெரிய ஜாகீர்தார்கள் சிலர் சொந்தக் காவலும் நீதிமன்றமும் வைத்திருந்தனர்.

சர்ஃப்-இ-காஸ்: நிஜாமின் சொந்தப் பண்ணை நிலம். ஏறத்தாழ 10 விழுக்காடு. இதன் வருவாய் அரண்மனைச் செலவுக்குச் சென்றது.

ஜாகீர் பகுதியில் நன்செய் வரி, திவானிப் பகுதியைவிடப் பத்து மடங்கு வரை இருந்தது என்று இயக்கத் தலைவர்களுள் ஒருவரான புச்சலபல்லி சுந்தரய்யா எழுதுகிறார்.

அப்படியானால் திவானி நிலத்தில் உழவர் நிம்மதியாக இருந்தார்களா? இல்லை. அங்கே தேஷ்முக், தேஷ்பாண்டே எனப்பட்டோர் பரம்பரையாக வரி வசூலித்து வந்தனர். 1853 முதல் 1883 வரை முதலமைச்சராக இருந்த முதலாம் சாலார் ஜங், வசூலை அரசு அதிகாரிகளிடம் மாற்றினார். வேலையை இழந்த தேஷ்முக்குகளுக்கு 'ருசூம்' என்னும் ஆண்டுத் தொகை ஈடாக வழங்கப்பட்டது. நில அளவையும் பட்டாப் பதிவும் நடந்தபோது, பழைய கணக்குகளைக் கையில் வைத்திருந்தவர்கள் இவர்களே. ஆகவே நல்ல நிலங்களைத் தங்கள் பெயரிலேயே எழுதிக்கொண்டார்கள். தலைமுறையாக உழுதவன், தன் நிலத்திலேயே தான் குத்தகைக்காரன் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தான். ஒரு நல்ல நிர்வாகச் சீர்திருத்தம், எழுத்தறியாத ஊரில் கொள்ளையாக மாறியது இப்படித்தான்.

இதன் விளைவைச் சுந்தரய்யா தரும் கணக்கு காட்டும். நல்கொண்டா, மெகபூப்நகர், வாரங்கல் ஆகிய மூன்று மாவட்டங்களில், 500 ஏக்கருக்கு மேல் வைத்திருந்தோர் சுமார் 550 பேர். சாகுபடி நிலத்தில் 60 முதல் 70 விழுக்காடு வரை இவர்கள் கையில் இருந்தது. விஸ்னூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டிக்கு 60 கிராமங்களில் 40,000 ஏக்கர். சூர்யாபேட்டைப் பகுதியின் ஜன்னாரெட்டி குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம் ஏக்கர் என்பது அவர் தரும் தகவல்.

வெட்டி

நிலம் இல்லாமை வறுமையைத் தந்தது. ஆனால் மக்களின் நெஞ்சில் ஆறாத வடுவாக இருந்தது வேறொன்று. அதன் பெயர் 'வெட்டி'.

இச்சொல் நமக்குப் புதிதன்று. கூலியில்லாமல் செய்யும் கட்டாய உழைப்பைச் சோழர்காலக் கல்வெட்டுகளும் 'வெட்டி' என்றே குறிக்கின்றன. "வெட்டி வேலை" என்று இன்றும் நாம் சொல்கிறோம். அச்சொல்லின் பின்னே எத்தனை பேரின் முதுகெலும்பு முறிந்தது என்பதை மறந்துவிட்டோம்.

தெலங்கானாவில் வெட்டி எந்தச் சாதியையும் விடவில்லை. சலவைத் தொழிலாளி தேஷ்முக் வீட்டுத் துணிகளைக் கூலியின்றி வெளுக்க வேண்டும். குயவர் பானை தர வேண்டும். கள் இறக்குபவர் கள் தர வேண்டும். ஆடு வளர்ப்பவர் விருந்துக்கு ஆடு தர வேண்டும். நெசவாளர் அந்த வீட்டு வேலையாட்களுக்குத் துணி நெய்து தர வேண்டும். தோல் தொழில் செய்வோரும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களும் கடிதம் சுமந்து ஊர் ஊராக ஓட வேண்டும். உழவர் தம் ஏரை முதலில் தேஷ்முக் நிலத்தில் பூட்டிவிட்டுத்தான் தம் நிலத்துக்குப் போக முடியும். முதல் மழையின் ஈரம் ஒரு வாரம் தவறினால் விளைச்சல் என்னாகும் என்பதை நம் சேலம், நாமக்கல் மானாவாரி உழவரைக் கேட்டால் சொல்வார்கள். பெண்கள் நிலை இன்னும் கொடியது. தேஷ்முக் வீட்டுப் பெண் மணமாகிப் போகும்போது, ஏழைப் பெண்களைச் சீதனப் பொருள் போலக் கூடவே அனுப்பும் வழக்கம் இருந்தது.

கடனுக்காக உழைக்கும் 'பகேலா' முறையும் உடன் இருந்தது. தந்தை வாங்கிய சிறு கடனுக்கு மகனும் பேரனும் பண்ணையில் கிடந்தார்கள். 1936-இல் இதைக் கட்டுப்படுத்த அரசு ஒரு சட்டம் இயற்றியது. வெட்டியைத் தடுக்கும் ஆணைகளும் வந்தன. ஆனால் அவற்றை ஊரில் நடைமுறைப்படுத்த வேண்டிய படேலும் பட்வாரியும் தேஷ்முக்கின் ஆட்கள், அல்லது தேஷ்முக்கே அவர்களுள் ஒருவர். வேலியே பயிரை மேய்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயல்படாத சட்டம் பயனற்றது என்று எண்ணிவிடலாகாது. "இது தவறு என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது" என்ற செய்தி அச்சட்டத்தோடு ஊருக்குள் நுழைந்தது. நேற்றுவரை தலைவிதியாக இருந்தது, இன்று சட்டமீறல் ஆனது.

மொழியும் கல்வியும்

அரசின் அலுவல்மொழி உருது. 1918-இல் தொடங்கப்பெற்ற உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயிற்றுமொழியும் உருதுவே. இந்திய மொழியொன்றில் உயர்கல்வி என்பது அக்காலத்தில் பெருமைக்குரிய முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மக்களுள் மிகச் சிலரின் மொழி. நீதிமன்றத்திலும் வருவாய் அலுவலகத்திலும் தன்னைப் பற்றி எழுதப்படுவது என்ன என்பதே தெலுங்கு உழவருக்குத் தெரியாது.

1921 நவம்பரில் ஹைதராபாத்தில் நடந்த ஒரு சமூகச் சீர்திருத்த மாநாட்டில், ஆலம்பள்ளி வெங்கட ராமராவ் என்னும் வழக்கறிஞர் தெலுங்கில் பேச எழுந்தார். கூட்டத்தில் கேலியும் கூச்சலும் எழுந்தன. அந்த அவமானமே 'ஆந்திர ஜன சங்கம்' தோன்றக் காரணமாயிற்று. அது வளர்ந்து 1930-இல் ஜோகிப்பேட்டையில் சுரவரம் பிரதாப ரெட்டியின் தலைமையில் முதல் 'ஆந்திர மகாசபை' மாநாட்டை நடத்தியது. தெலங்கானாவில் கவிஞர்களே இல்லை என்று ஒருவர் எழுதியதற்கு விடையாக, 354 கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டவர் இந்தப் பிரதாப ரெட்டி.

தொடக்கத்தில் மகாசபை நூலகம், பள்ளி, தாய்மொழி என்ற அளவிலேயே நின்றது. ஆனால் பொதுக்கூட்டம் நடத்தவே முன் அனுமதி வேண்டும் என்ற 'கஸ்தி 53' என்னும் ஆணை அதையும் நெருக்கியது. 1938-இல் ஹைதராபாத் அரசு காங்கிரஸ் முறையாகத் தொடங்கும் முன்பே தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு விடுதியில் 'வந்தே மாதரம்' பாடியதற்காக உஸ்மானியா மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். குறை சொல்லவும் வழியில்லாத நாட்டில், குறை சொன்னவன் புரட்சிக்காரன் ஆகிறான்.

முடியைத் தாங்கிய வெளிக்கை

இத்தனை ஆண்டுகளாக மக்கள் பொறுத்திருந்ததற்கு முக்கியமான அரசியல் காரணம் ஒன்று உண்டு. 1798-இல் நிஜாம் ஆங்கிலேயரின் துணைப்படைத் திட்டத்தில் சேர்ந்தார். அன்று முதல் அரியணைக்குக் காவல் ஆங்கிலப் படை. பழங்காலத்து அரசர் குடிமக்களை அளவுக்குமேல் வருத்தினால், கலகமோ அண்டை நாட்டுப் படையெடுப்போ வரும் என்று அஞ்ச வேண்டியிருந்தது. நிஜாமுக்கு அந்த அச்சம் இல்லாமல் போயிற்று. 1857 ஜூலையில் துர்ரேபாஸ் கான் தலைமையில் ஹைதராபாத்திலுள்ள ஆங்கிலேயர் மாளிகை தாக்கப்பட்டபோது, நிஜாமின் அரசு ஆங்கிலேயர் பக்கமே நின்றது.

தேஷ்முக்கின் பின்னால் நிஜாம், நிஜாமின் பின்னால் ஆங்கிலேயர் என்ற இந்த அடுக்கு உறுதியாக இருந்தவரை, ஊர்க்கலகம் எதுவும் ஊரைத் தாண்ட முடியாது. ஆங்கிலேயர் வெளியேறப் போகிறார்கள் என்பது 1946-இல் தெளிவாயிற்று. அடுக்கின் அடிக்கல் அசைந்தது.

போரும் தானிய லெவியும்

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நிலக்கடலை, ஆமணக்கு விலைகள் சரிந்தன. சந்தைக்காகப் பயிரிட்ட சிறு உழவர் கடனில் மூழ்கி நிலத்தை இழந்தனர். அடுத்து இரண்டாம் உலகப்போர் வந்தது. துணி, மண்ணெண்ணெய், உப்பு, தானியம் என எல்லாவற்றின் விலையும் ஏறியது. நகரங்களுக்கு உணவளிக்க அரசு 'லெவி' என்னும் கட்டாயத் தானியக் கொள்முதலைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு உழவரும் விளைச்சலில் குறித்த பங்கைக் குறித்த விலைக்கு அரசுக்குத் தர வேண்டும்.

தரவேண்டிய அளவைக் கணக்கிட்டவர் யார்? மீண்டும் அதே படேல், பட்வாரிதான். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர் லெவியிலிருந்து தப்பித்துத் தானியத்தைக் கள்ளச்சந்தையில் விற்றார். ஐந்து ஏக்கர்க்காரர் விதைநெல்லையும் அளக்க வேண்டியிருந்தது. பஞ்சத்தை விதி என்று மக்கள் பொறுத்துக்கொள்வதுண்டு. தன் குதிரில் இருந்த நெல்லை எடுத்துப்போய்ப் பக்கத்து மாளிகையில் பதுக்கியதைக் கண்ணால் கண்ட பிறகு, பசிக்குப் பொறுப்பாளி யார் என்பதில் ஐயம் எழாது. பாரிஸ் மக்கள் 1789-இல் ரொட்டி விலையைக் கண்டு கொதித்ததும் இதே உணர்வினால்தான்.

சங்கம் வந்தது

குறைகள் எத்தனை இருந்தாலும் அவற்றை ஒன்றுசேர்க்க ஓர் அமைப்பு வேண்டும். அதுவரை வக்கீல்களும் வணிகர்களும் கூடிய ஆந்திர மகாசபைக்குள், ரவி நாராயண ரெட்டி போன்ற இளைஞர்கள் உழவர் சிக்கலைக் கொண்டுவந்தனர். இவர் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். காந்திய இயக்கத்தில் தொடங்கிப் பொதுவுடைமைக் கட்சிக்குச் சென்றவர். 1944-இல் புவனகிரியில் அவர் தலைமையில் நடந்த 11-ஆவது மாநாட்டோடு மகாசபை இரண்டாகப் பிரிந்தது. இடதுசாரிப் பிரிவு கிராமங்களுக்குள் இறங்கியது. மக்கள் அதைச் சுருக்கமாகச் 'சங்கம்' என்று அழைத்தனர்.

வெட்டி செய்யாதே, சட்டத்துக்குப் புறம்பான வரி கொடாதே, குத்தகை நிலத்தை விட்டு வெளியேறாதே: சங்கத்தின் முதற்கோரிக்கைகள் இவையே. இவற்றுள் பெரும்பாலானவை ஏற்கெனவே சட்டத்தில் இருந்தவை. மன்னரை நீக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது இல்லை. நம்மூர்த் தெருக்கூத்து, வில்லுப்பாட்டு போல அங்கே வழங்கும் 'புர்ரகதா' என்னும் கதைப்பாட்டு செய்தியை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. பல ஊர்களில் வெட்டி நின்றது. ஒருமுறை நிமிர்ந்தவன் மீண்டும் குனிய ஒப்பவில்லை.

நிலைமை மிக மோசமாக இருக்கும்போதன்று, சற்றே தளரும்போதுதான் புரட்சி வெடிக்கிறது என்று பிரெஞ்சுப் புரட்சியை ஆராய்ந்த தொக்வில் 1856-இல் எழுதினார். தெலங்கானாவுக்கும் அது பொருந்தும்.

உடனடிக் காரணங்கள்

பந்தகி. விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்சிக்கு உட்பட்ட காமாரெட்டிகூடத்தைச் சேர்ந்த எளிய முஸ்லிம் உழவர். தன் நிலத்துக்காகத் தேஷ்முக்கை எதிர்த்து நீதிமன்றம் சென்று நெடுங்காலம் போராடினார். 1940-களின் தொடக்கத்தில் அவர் கொல்லப்பட்டார். அவரது சமாதியில் ஆண்டுதோறும் மக்கள் கூடினர். பிற்பாடு சுங்கர சத்யநாராயணாவும் வாசிரெட்டி பாஸ்கர ராவும் எழுதிய 'மா பூமி' என்ற தெலுங்கு நாடகத்துக்கு இவர் வரலாறே தூண்டுதல்.

சாகலி ஐலம்மா. பாலகுர்த்தியைச் சேர்ந்த சலவைத் தொழிலாளர் சமூகத்துப் பெண். குத்தகைக்கு எடுத்து உழுத நிலத்தின் விளைச்சலை அள்ளிப்போகத் தேஷ்முக்கின் ஆட்கள் வந்தனர். சங்கத் தொண்டர்கள் துணைநிற்க, கதிர் அவர் வீடு வந்து சேர்ந்தது. குடும்பத்தினர் மீது வழக்குகள் பாய்ந்தன, அவர் அசையவில்லை. வெட்டி செய்ய வேண்டிய சாதி என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண், 40,000 ஏக்கர்க்காரரை வென்றார் என்ற செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது.

தொட்டி கொமரய்யா. 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில், சங்கத்தார் மீதான தாக்குதல்களைக் கண்டித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் சென்றனர். தேஷ்முக் மாளிகையருகே அடியாட்கள் சுட்டதில், ஆடு வளர்க்கும் சமூகத்து இளைஞரான கொமரய்யா உயிரிழந்தார். கூட்டம் சிதறி ஓடும் என்று சுட்டவர்கள் எண்ணியிருப்பார்கள். கூட்டமோ மாளிகையைச் சூழ்ந்துகொண்டது. அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான ஊர்களில் மக்கள் கம்பும் கவணும் ஏந்தி ஊர்வலம் போனார்கள். புரட்சியின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் கொள்வது இந்நாளைத்தான்.

உழவர் போராட்டம் முடியாட்சி எதிர்ப்பாக மாறியது

அதுவரை போராட்டம் தேஷ்முக்கை எதிர்த்தே நடந்தது. அரசரின் பெயரை மக்கள் இழுக்கவில்லை. அரசு இராணுவத்தை அனுப்பித் தேஷ்முக்குகளைக் காத்தபோதுதான், மாளிகைக்கும் அரண்மனைக்கும் இடையே வேறுபாடு இல்லை என்பது ஊருக்குப் புரிந்தது.

1947 ஜூனில், ஆங்கிலேயர் வெளியேறியதும் தாம் சுதந்திர அரசராக இருக்கப் போவதாக நிஜாம் அறிவித்தார். அதே ஆண்டு திருவிதாங்கூரிலும் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் இதே வழியில் சென்றார். மக்கள் எதிர்ப்பும் ஜூலை 25-இல் அவர்மீது நடந்த தாக்குதலும் சேர்ந்து அம்முயற்சியை முடித்துவைத்தன. நிஜாமோ விடாப்பிடியாக நின்றார். 1947 செப்டம்பர் 11 அன்று ரவி நாராயண ரெட்டி, பத்தம் எல்லா ரெட்டி, கவிஞர் மக்தூம் மொஹியுத்தீன் ஆகிய மூவரும் நிஜாம் ஆட்சிக்கு எதிரான ஆயுதப் போராட்டத்துக்கு அழைப்பு விடுத்தனர்.

மறுபக்கம் காசிம் ரஸ்வி தலைமையில் 'ரஜாக்கர்' என்னும் தொண்டர்படை வளர்ந்தது. ஊர்களைச் சூறையாடுவதும் கொளுத்துவதும் அதன் வழக்கமாயின. 1948 ஆகஸ்ட் 27 அன்று பைரான்பள்ளி கிராமத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதுவரை ஒதுங்கி நின்றவர்களையும் இத்தகைய கொடுமைகள் போராளிகள் பக்கம் தள்ளின.

இது மதச் சண்டையா?

அரசர் முஸ்லிம், குடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதால், இப்புரட்சியை மதச்சண்டை என்று சுருக்கிச் சொல்வோர் உண்டு. சான்றுகள் அதற்கு இடம்தரவில்லை. வெட்டி வாங்கிய தேஷ்முக்குகள் பெரும்பாலும் இந்துக்கள். அவர்களில் ஒருவரை எதிர்த்து மாண்ட பந்தகி முஸ்லிம். போராட்ட அழைப்பில் கையொப்பமிட்ட மக்தூம் முஸ்லிம். இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று எழுதியதற்காக 1948 ஆகஸ்டில் ஹைதராபாத் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்ட 'இம்ரோஸ்' ஆசிரியர் ஷோயபுல்லா கான் முஸ்லிம். ரஜாக்கர்கள் மதத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. போராட்டத்தின் வேர் நிலத்திலும் உழைப்பிலும் இருந்தது என்பதும் உண்மை.

ஏன் அங்கே, ஏன் அப்போது?

ஹைதராபாத் நாடு முழுவதும் நிஜாமின் ஆட்சிதான். ஆயினும் புரட்சி நல்கொண்டா, வாரங்கல், கம்மம் பகுதிகளில்தான் வலுவாக மூண்டது. காரணம் மூன்று. ஒன்று, பெருநிலக்குவிப்பு அங்கே மிகுதி. இரண்டு, அப்பகுதி சென்னை மாகாணத்தின் கிருஷ்ணா மாவட்டத்தை ஒட்டியது. எல்லைக்கு அப்பால் அதே மொழி பேசும் உழவர் சங்கம் வைத்திருப்பதையும் கூட்டம் போடுவதையும் இவர்கள் பார்த்தார்கள். ஆள், பணம், பத்திரிகை எல்லாம் எல்லை கடந்து வந்தன. மூன்று, வெட்டி எல்லாச் சாதியையும் அழுத்தியதால், வேறு எதிலும் ஒன்றுசேராத குடிகள் இதில் ஒன்றுசேர்ந்தன. சிறு பட்டாதாரும் நிலமற்ற கூலியும் ஒரே கூட்டத்தில் நின்றனர்.

"அப்போது" என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. நிலக்குவிப்பும் வெட்டியும் நீண்டகாலக் காரணங்கள். மந்தமும் போரும் லெவியும் இடைக்காலக் காரணங்கள். சங்கத்தின் வரவு மக்களுக்குக் கருவி தந்தது. ஆங்கிலேயர் வெளியேற்றம் எதிரியின் துணையைப் பறித்தது. கொமரய்யாவின் சாவு இவற்றை இணைத்தது. விறகு நூறாண்டாகக் காய்ந்திருக்கலாம். காற்றும் பொறியும் ஒரே நாளில் வந்தால்தான் தீ பற்றும்.

விளைவுகள்

சுந்தரய்யாவின் கணக்குப்படி சுமார் 3,000 கிராமங்களில் மக்கள் குழுக்களின் நிர்வாகம் நடந்தது. ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் நிலம் பிரித்தளிக்கப்பட்டது. சுமார் 4,000 போராளிகளும் உழவர்களும் உயிரிழந்தனர்.

1948 செப்டம்பர் 13 அன்று இந்திய இராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். 224 ஆண்டு ஆட்சி ஐந்து நாளில் முடிந்தது. அதை ஒட்டி முஸ்லிம் குடிமக்கள் பலர் கொல்லப்பட்டதையும் மறைக்கக்கூடாது. விசாரித்த சுந்தர்லால் குழு, இறந்தோர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. அந்த அறிக்கை நெடுங்காலம் வெளிவரவில்லை.

நிஜாம் வீழ்ந்த பின்னும் போராட்டத்தைத் தொடர்வதா என்பதில் பொதுவுடைமையாளரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ரவி நாராயண ரெட்டி நிறுத்த வேண்டும் என்றார். கட்சி தொடர்ந்தது, இந்திய இராணுவத்தின் கையிலும் உழவர்கள் மடிந்தனர். 1951 அக்டோபரில் போராட்டம் கைவிடப்பட்டது.

இதற்கிடையே 1949-இல் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டது. 1950-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1951 ஏப்ரல் 18 அன்று நல்கொண்டா மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு வந்த வினோபா பாவேயிடம், வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் நிலம் அளிக்க, பூதான இயக்கம் பிறந்தது. நம் குமாரபாளையத்து நெசவாளர்கள் போச்சம்பள்ளியை அதன் கட்டுச்சாயப் புடவையால் அறிவார்கள். அந்த ஊருக்கு இந்த வரலாறும் உண்டு. 1952 பொதுத்தேர்தலில் நல்கொண்டாவில் நின்ற ரவி நாராயண ரெட்டி, ஜவஹர்லால் நேருவைவிட அதிக வாக்குகள் பெற்று மக்களவைக்குச் சென்றார். 2024-இல் ஹைதராபாத்திலுள்ள மகளிர் பல்கலைக்கழகத்துக்குச் சாகலி ஐலம்மாவின் பெயர் சூட்டப்பட்டது.

நிஜாமோ 1956 வரை இராஜபிரமுகராகப் பதவியில் இருந்தார். மன்னர் மாளிகையில் நீடிக்க, வெட்டி மட்டும் ஊரைவிட்டுப் போயிற்று. எது பெரிய மாற்றம் என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

முடிவுரை

அந்த மாணவனின் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை முழுமையானதன்று. இன்று இப்படிச் சொல்வேன்: அவர்கள் நூறாண்டு சும்மா இருக்கவில்லை. பந்தகி போல ஒவ்வொருவராக வழக்காடினார்கள், ஊரைவிட்டு ஓடினார்கள், தனியே நின்று அடிவாங்கினார்கள். தனித்தனியாகத் தோற்றவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் சேர்ந்து நின்ற நாளைத்தான் நாம் புரட்சி என்கிறோம்.

எனவே, எந்தப் புரட்சியைப் படித்தாலும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். மக்களை நெடுநாள் அழுத்தியது எது? அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்த வலிமை எது, அது எப்போது தளர்ந்தது? பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தது எது? கடைசிப் பொறி எங்கே விழுந்தது? இந்நான்குக்கும் விடை தெரிந்தால் காரணங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பாரிஸுக்கும் கடவெண்டிக்கும் இடையே உள்ள ஒற்றுமையும் வேற்றுமையும் தாமே விளங்கும்.